எழுபத்தொன்றும் ஒன்றும்

அன்புள்ள உங்களுக்கு,

பெரிய காஞ்சிபுரத்து நெசவாளர் தெருக்களில் எங்கள் துறை பத்தாண்டுக்கு ஒருமுறை வீடு வீடாகக் கணக்கெடுத்திருக்கிறது. ஒரு கணக்கில் இருப்பவரை அடுத்த கணக்கில் கண்டுபிடித்து இணைப்பதுதான் இப்போது என் வேலை. நேற்று நம் தெரு வந்தது.

1991இல் நம் வீட்டில் பரமசிவம், வயது 61. உங்கள் அப்பா. 2001இல் பரமசிவம், வயது 1. என்னோடு வேலை செய்யும் ஜான்சன் இருவரையும் ஒரே ஆளாக இணைத்துவிட்டார்.

"எழுபத்தொண்ணுல ஏழ உட்டுட்டாங்க மேடம். தூங்கிக்கினே எழுதியிருப்பாங்க" என்று சிரித்தார்.

"அவர் தொண்ணூத்தெட்டுலயே இறந்துட்டார். இது பேரன்."

"பேரன்னா அடுத்த கணக்குல இருக்கணுமே மேடம். காணோமே?"

அடுத்த கணக்குக்கு முன்பே நம் மகன் இறந்துவிட்டது ஜான்சனுக்குத் தெரியாது. ஒரே ஒரு கணக்கில் மட்டும் வந்தவர்களைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட வேண்டும் என்பது நானே வகுத்த விதி. தவறை அப்படியே விட்டிருந்தால் அவன் தாத்தாவோடு சேர்ந்து இருந்திருப்பான். பிரித்தேன். பிறகு அவனை நீக்கினேன்.

மாமனார் பெயரைச் சொல்லக் கூடாதென்று நான் அவனைத் தம்பி என்றுதான் கூப்பிட்டேன். எனக்கு நம்பிக்கையில்லாத வழக்கம்தான். ஆனாலும் அந்தப் பெயரை எழுத முடிகிறது, சொல்ல வாய் வரவில்லை. நீங்கள் ஸ்ரீபெரும்புதூர் போன பிறகு இந்த வீட்டில் அதைச் சொல்ல ஆளில்லை.

திரும்பி வரச் சொல்லவில்லை. ஒரு நாள் போன் செய்து, அவனைச் சாப்பிடக் கூப்பிடுவது போல ஒரு முறை கூப்பிடுங்கள். நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
தம்பியின் அம்மா