சோப்பு வச்சிக்கோ, மச்சான்

மச்சான்,

இன்று காலை ஒருவர் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு கடைக்கு வந்தார். பெட்ரோல் டேங்க்கின் அடியில் ஒழுகல். துணி சோப்பை அப்பி அடைத்து வைத்திருந்தார். சுரண்டி எடுத்தேன். பெட்ரோலும் சோப்பும் கலந்த அந்த வாடை விரல் இடுக்கில் ஏறிக்கொண்டது. மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவினேன், சீயக்காய் போட்டுத் தேய்த்தேன், போகவில்லை. சரி, நீதான் வந்துவிட்டாய் என்று நினைத்துக்கொண்டேன். உயிரோடு இருந்தபோது வருந்தி அழைத்தாலும் வராதவன், இப்போது அழைக்காமலே வருகிறாய்.

எண்பத்தொன்பதில் செங்கம் ரோட்டில் நான் மெக்கானிக் கடை போட்டேன். அடுத்த வருஷம் நீ என் தங்கையைக் கட்டினாய். அதற்கடுத்த வருஷம் ஒரு பழைய பெட்ரோல் டாக்சியை வாங்கினாய். நம் ஊர் ஆசிரமத்துப் பக்கம் தங்கும் வெள்ளைக்காரர்களை மெட்ராசுக்கு ஏற்றிப்போவது உன் தொழில், ஓடுகிற வண்டியைப் பழுது பார்ப்பது என் தொழில். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்றார்கள் சொந்தக்காரர்கள். ஆனால் உன் கார் ஒரு நாள்கூட என் கடைக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமையானால் வீட்டு வாசலில் நீயே டியூனிங் செய்வாய். பிளக்கைத் துடைப்பாய், கார்புரேட்டரைக் கழற்றி ஊதுவாய், தீப்பொறி விழும் பாயிண்ட் இடைவெளியைப் போஸ்ட் கார்டு அட்டையை நுழைத்துப் பார்ப்பாய். "அதுக்குன்னு அளவுத் தகடு இருக்குதுடா" என்றேன் ஒருமுறை. "அது என்ஜின் சத்தத்த கேக்க காது இல்லாதவனுக்கு" என்றாய். டீக்கடையில் நான் நிற்கும்போதே மற்ற டிரைவர்களிடம் சொல்வாய்: "மெக்கானிக்கு கைக்கு வண்டி போனா ஒரு நட்ட டைட் பண்ணுவான், ரெண்ட லூஸ் பண்ணுவான். அப்பதான நாம திரும்பி வருவோம்." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், வேறென்ன செய்வது.

ஒருநாள் என் கடைக்கு எதிரே காரை நிறுத்தி, என்ஜின் ஓட ஓட பானெட்டைத் திறந்து, என்ஜின்மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்தாய். என் வாடிக்கைக்காரர்கள் மூன்று பேர் நின்றிருந்தார்கள். "ஒரு சொட்டு சிந்துதா பாருங்க" என்றாய். சிந்தவில்லை. அடுத்த மாதம் அந்த மூவரில் ஒருவரின் ஜீப் உன் வாசலில் நின்றது. ஒரு டீக்கு அதை டியூன் செய்து கொடுத்தாயாம். "சொந்த மச்சானே இவங்கிட்ட வண்டிய விடல, நாம எதுக்கு விடணும்" என்று பேச்சு கிளம்பியது. அன்றிலிருந்து உன்னை வெறுத்தேன். உன் வேலை மோசமாக இருந்திருந்தால் மன்னித்திருப்பேன். அது நன்றாக இருந்தது.

என் கடையில் இருந்ததில் உன்னிடம் இல்லாதது ஒன்றே ஒன்று. என்னிடம் ஒருவன் நட்டு மாட்டினால் இன்னொருவன் வந்து இறுக்கம் பார்ப்பான். நீ தனி ஆள். உன் வேலைக்குப் பின்னால் இன்னொரு கை கிடையாது.

அந்த ஆயுத பூஜை அன்று காலை கார்புரேட்டரைத் துடைத்து மாட்டி, பெட்ரோல் பைப் நட்டைக் கையால் திருகிவிட்டுக் குளிக்கப் போனாய். வந்து ஸ்பேனர் போட்டு இறுக்கிக்கொள்ளலாம் என்று எண்ணம். அதற்குள் என் தங்கை, நல்ல நேரம் போகிறதே என்று, உன் ஸ்பேனர், கட்டிங் பிளேயர் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்த் துடைத்துப் பொட்டு வைத்துச் சாமி முன்னால் பரப்பிக் கற்பூரமும் காட்டிவிட்டாள். வைத்ததை மறுநாள் மறுபூஜை ஆகாமல் எடுக்கக் கூடாது. எடுக்கப்போன உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம். வயிற்றில் பிள்ளை தங்காமல் போனதற்கே ஏதோ தெய்வக் குற்றம்தான் காரணம் என்று நம்பிக்கொண்டிருந்தவள் அவள். நீ ஊரில் யாருக்கும் வளையாதவன், அவள் கண்ணீருக்கு மட்டும் வளைவாய். வளைந்தாய்.

அப்படித்தான் அன்றைக்கு முதல்முறையாக என் கடைப் படி ஏறினாய். புதுச் சட்டை, நெற்றியில் விபூதி. என்னிடம் வேலை செய்த இருவரும் பொரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மச்சான், சின்ன ஸ்பேனர் ஒண்ணு குடு. பெட்ரோல் பைப்பு லேசா கசியுது. மூணு மணிக்கு ஏர்போர்ட் சவாரி. ஒரு திருகு, அவ்ளோதான்."

"எல்லாம் சாமிகிட்ட வச்சிட்டேன்டா."

"ஒண்ணுகூடவா வெளிய இல்ல?"

இருந்தது. காலையில் ஸ்பேனர்களைக் கழுவியபோது ஒன்று என் பின் பாக்கெட்டிலேயே தங்கிவிட்டது. பூஜைக்குப் போகாதது, பொட்டு படாதது. நீ கேட்ட அளவுதான். நாற்காலியில் அது குத்திக்கொண்டுதான் இருந்தது. இன்னொரு முறை கேள் என்று காத்திருந்தேன். என் ஆட்கள் முன்னால் கெஞ்ச வேண்டும், இனிமேல் வண்டியை இங்கேயே விடுகிறேன் என்று உன் வாயால் சொல்ல வேண்டும். நீ மறுபடி கேட்கவில்லை.

"நீதான் பெரிய மெக்கானிக்காச்சே. சோப்பு வச்சிக்கோ, மச்சான்" என்றேன். அந்த இருவரும் சிரித்தார்கள். டீக்கடையில் நீ வாங்கிய சிரிப்பையெல்லாம் ஒரே வாக்கியத்தில் திரும்ப வாங்கிவிட்டேன். எவ்வளவு இனிப்பாக இருந்தது தெரியுமா? எழுந்து திரும்பி, அலமாரியிலிருந்து ஒரு பொட்டலம் பொரி எடுத்து உன் கையில் கொடுத்து அனுப்பினேன்.

மெட்ராஸ் போகிற வழியில், கீழ்பென்னாத்தூருக்கு இந்தப் பக்கமே புகை வந்ததாம். சவாரி வந்த புருஷனையும் பெண்டாட்டியையும் இறக்கித் தூரப் போகச் சொன்னாயாம். வேறு எவனாக இருந்தாலும் அவர்களோடு தானும் தூர நின்றுகொண்டு, மெக்கானிக்கைக் கூட்டி வர ஆள் அனுப்பியிருப்பான். நீ பானெட்டைத் திறந்தாய். சோப்பு உருகி, பெட்ரோல் சூடான இரும்பில் சொட்டிக்கொண்டிருந்தது. காற்றுப் பட்டதும் தீ உன் முகத்துக்கு வந்தது. புது பாலியெஸ்டர் சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது.

வேலூர் ஆஸ்பத்திரியில் மூன்று நாள். நடையில் உட்கார்ந்துகொண்டு என் தங்கை போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "நான்தான் எல்லாத்தையும் அள்ளினு போய் சாமிகிட்ட வச்சேன். எடுக்க வந்தவர நான்தான் தடுத்தேன். நான்தான் கொளுத்திட்டேன்." மூன்றாம் நாள் நீ என்னை மட்டும் கூப்பிட்டு அனுப்பினாய். உதடு வீங்கிப் போயிருந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"பின் பாக்கெட்ல இருந்துச்சே, மச்சான்."

பொரி எடுக்கத் திரும்பியபோது பார்த்திருக்கிறாய்.

"இன்னொரு வாட்டி கேட்டிருந்தா குடுத்திருப்ப. கேக்க மனசு வரல." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "ஸ்பேனர் சங்கதி அவகிட்ட சொல்லாத. உன்ன வுட்டா அவளுக்கு யாரு கீறாங்க" என்றாய். மறுநாள் விடியுமுன் போய்விட்டாய்.

ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியிருக்கலாமே, பாவி. என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டுச் செத்திருந்தால் நான் உன்னை இன்னும் வெறுத்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன். சாகிற நேரத்தில்கூட உனக்கு என்னைவிட ஒரு படி மேலே நிற்க வேண்டியிருந்தது.

ஊர் என்ன சொன்னது தெரியுமா? "சொந்த மச்சான் கேட்டும் சாமிகிட்ட வச்சத எடுக்கல பாரு, என்னா பக்தி!" என்றது. இப்போது புது வண்டி எடுப்பவர்கள் முதல் பூஜைக்கு என்னைத்தான் தேடி வருகிறார்கள். உன்னோடு ஸ்டாண்டில் நின்ற டாக்சிக்காரர்கள் அத்தனை பேரும் என் கடைக்குத்தான் வருகிறார்கள். வாசலில் தானே டியூனிங் செய்ய ஒருவனுக்கும் தைரியம் இல்லை. உன் பெயரைச் சொல்லித்தான் பயமுறுத்துகிறேன். பலிக்கிறது.

இதெல்லாம்கூடப் பெரிதில்லை. அன்றைக்கு உன் கட்டிலை விட்டு வெளியே வந்தபோது, தங்கை ஓடிவந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னா சொன்னாரு அண்ணா? என்னப் பத்தி இன்னா சொன்னாரு?" "உன் மேல தப்பில்லம்மா" என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். அது நீ சொல்லாதே என்றதில் சேராது, உண்மையும் அதுதான். ஆனால் அவள் மேல் தப்பில்லை என்றால் யார் மேல் என்று அடுத்த கேள்வி வரும். அவள் ஏற்கெனவே முழுப் பாரத்தையும் தன் தலையில் தூக்கி வைத்திருந்தாள். இறக்க எனக்குக் கை வரவில்லை.

"உன்ன மன்னிச்சிட்டானாம்" என்றேன்.

அவள் அங்கேயே தரையில் விழுந்து உன் கதவைப் பார்த்துக் கும்பிட்டாள். ஒன்பது வருஷமாகிறது. ஆயுத பூஜை அன்று பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிடக்கிறாள். மற்ற நாளெல்லாம் என் வீட்டில்தான் இருக்கிறாள், எனக்குச் சமைத்துப் போடுகிறாள்.

போன வாரம் சோறு போடும்போது பேச்சு உன் மேல் போனது. "எம்மாம் பெரிய தப்பு பண்ணேன், என்னையே மன்னிச்சிட்டாரு. உன் அருமதான் கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியல அண்ணா. அதான் எனக்கு வருத்தம்" என்றாள்.

இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். சாப்பிட்டேன்.