கல்லுக்குக் கொடுத்த மருந்து

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை வணக்கத்தோடு எழுதுவது. சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. ஓட்டை வாயைக் காட்டித் தெருவெல்லாம் சிரித்துத் திரிகிறாள். விடாத மழையில் பட்டறையில் தோல் காயவில்லை, வீடு முழுக்க நாற்றம். எனக்குக் கால் மட்டும் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, காலையில் முகமும். "நல்லா தின்னு ஊதிட்டே" என்று என் வீட்டுக்காரர் கேலி பண்ணிக்கொண்டிருந்தார்.

விஷயம் அவருடைய நீர்ப்பையில் இருக்கும் கல். சேணம் தைக்க உட்கார்ந்த மனிதர் ஊசியைப் போட்டுவிட்டு அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளுகிறார். சொட்டுச் சொட்டாகப் போகிற நீரிலும் ரத்தம். நண்டு ஓட்டைச் சுட்டுப் பொடித்துக் கொடுத்தேன். வெந்நீர்த் தொட்டியில் உட்கார வைத்தேன். கல்லைக் கரைக்குமாம் என்று யாரோ சொல்ல, ஆட்டு ரத்தம்கூடக் குடித்தார். கல் கரையவில்லை, ஆள்தான் கரைந்தார்.

இங்கே பெரிய வைத்தியர் நோயாளியைப் பார்ப்பதே இல்லை, அவருடைய நீரைத்தான் பார்ப்பார். விடிந்ததும் போகிற முதல் நீரைக் கண்ணாடிக் குடுவையில் பிடித்து, மூடிய கூடையில் வைத்து அனுப்பவேண்டும். வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், முகர்வார், விரலால் தொட்டு நாக்கிலும் வைப்பார். அவர் சரி என்றால்தான் கல்லறுப்பவன் கத்தியை எடுப்பான். அவனோ ஊர் ஊராகப் போகிறவன். காலைக் கட்டி, நாலு பேரை அமுக்கிப் பிடிக்கச் சொல்லி அறுப்பான். புண் சீழ் பிடிப்பதற்குள் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவான். பக்கத்துத் தெருத் தச்சர் அப்படித்தான் போய்ச் சேர்ந்தார்.

அதனால் இவருக்கு உயிர்ப்பயம். வைத்தியர் குடுவை கேட்டு ஆள் அனுப்பியதும் என் கையைப் பிடித்துக் கெஞ்சினார். "உன்னோடதைப் பிடிச்சுக் குடுடி. கல்லு கரைஞ்சு போச்சுன்னு சொல்லிடுவாரு" என்றார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி அடம் பிடிக்கிறாரே என்று கொடுத்துவிட்டேன். கூடையை அவரே தூக்கிக்கொண்டு போனார்.

திரும்பி வந்தவர் முகத்தில் ஈயாடவில்லை. "எல்லாம் நல்லாத்தான் இருக்காம்" என்றார். அன்றோடு ஆளே மாறிவிட்டார், அக்கா. அந்த வலியோடு தண்ணீர்க் குடத்தை என் இடுப்பிலிருந்து பிடுங்கித் தானே சுமக்கிறார். உப்பில்லாமல் சமைக்கச் சொல்கிறார். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று தட்டைத் தள்ளுகிற மனிதர்! வைத்தியர் எழுதிய கஷாயத்தை, "தனியாக் குடிக்கக் கசக்குது, நீயும் குடி" என்று எனக்கும் ஊற்றுகிறார். நான் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருப்பார். தன் பங்கை ஜன்னலுக்கு வெளியே கொட்டுகிறார் என்பதைத் தற்செயலாகத்தான் பார்த்தேன்.

மருந்து தீர்ந்தபோது நானே கடைக்குப் போனேன். கல்லுக்கான கஷாயம் என்று கேட்டேன். கடைக்காரர் விழித்தார். "இது கல்லுக்கு இல்லம்மா. சிறுநீரகம் கெட்டு உடம்பு ஊதினா தண்ணிய இறக்குறதுக்கு. நீர்ல நுரை அடங்கவே மாட்டேங்குது, அடுத்த அறுவடை வரைக்கும் தாங்கறது கஷ்டம்னு வைத்தியர் சொன்னாரே. உங்க வீட்டுக்காரர் இன்னும் நடமாடுறாருன்னா ஆச்சரியந்தான்" என்றார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. மருந்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவரிடம் எதுவும் சொல்லவில்லை.

குடுவையைப் பார்த்துச் சொல்கிறவர் தப்பாகவும் சொல்லலாம் இல்லையா? அப்படித்தான் மனதைத் தேற்றிக்கொள்கிறேன். ஆனால் கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுகிறது, அக்கா. எடுத்த பிறகும் அது வெகுநேரம் அப்படியே இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

நேற்று அவரே கல்லறுப்பவனிடம் போய்ப் பேசிவிட்டு வந்தார். முதலில் வந்த குடுவை ஆள் மாறிப் போனது என்று சொல்லி, இந்த முறை தன்னுடைய நீரையே வைத்தியருக்கு அனுப்பி, சம்மதமும் வாங்கிவிட்டாராம். மழை விட்டதும் நாள். கத்தி என்றால் நடுங்குகிறவருக்குத் திடீரென்று எங்கிருந்து தைரியம் வந்தது என்று கேட்டேன். தூங்கிக்கொண்டிருந்த சின்னவளைப் பார்த்தபடி, "யாராவது ஒருத்தராவது இருக்கணும்ல" என்றார். உடனே சுதாரித்துக்கொண்டு, "பட்டறையைச் சொன்னேன்" என்று மழுப்பினார். நான் அடுப்படிக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

அத்தானிடம் சொல்லிவிட்டு உடனே கிளம்பி வா. அவரை அமுக்கிப் பிடிக்க ஆட்கள் கிடைப்பார்கள். சின்னவளைத் தூரமாகக் கூட்டிக்கொண்டு போக நீ வேண்டும். வந்ததும் என்னைப் பார்த்து அழுதுவிடாதே. எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிய வேண்டாம்.

அவர் பிழைத்து எழவேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள். எனக்காகத் தனியாக எதுவும் வேண்டாதே, அக்கா. இரண்டு கேட்டால் ஒன்றும் இல்லாமல் போய்விடுமோ என்று பயப்படுகிறேன்.

உன் வரவை எதிர்பார்த்து,
உன் தங்கை