பேர் எழுதாத குருசு

சேசு மரி சூசை துணை.

மவள் விஜிலாவுக்கு அப்பா தொம்மை மச்சாது சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டு ஜெபசுதா டீச்சர் கையால் எழுதுவது. நேரு செத்த வருஷம், பாப்பரசர் பம்பாய்க்கு வந்து இறங்கின வருஷம், தனுஷ்கோடியில கடல் ஏறி ரயிலை ஆளோட இழுத்துட்டுப் போன வருஷம், இந்த மூணும் ஒரே வருஷம். அந்த வருஷக் கடைசியில நடந்த ஒரு காரியத்துக்காகத்தான் இவ்வளவு தூரம் கடிதம் போடுதேன். அதுக்கு முன்னால சுகம் சொல்லணும், சுகம் கேக்கணும். இங்கன எனக்கு மூச்சு ஓடுது, முழங்கால்தான் ஓடல. கண்ணுக்கு ஊத்துற மருந்து நீ சொன்ன மாதிரி ரெண்டு வேளையும் ஊத்துதேன். நீயும் மருமகனும் பிள்ளைகளும் அந்தக் குளிர் நாட்டில காய்ச்சல் சளி இல்லாம இருக்கீங்களா, ராத்திரி வேலைக்குப் போற அன்னைக்குப் பகல்ல தூங்குதியா. போன்ல பேசினா போதாதா, எதுக்கு அயர்லாந்துக்குத் தபால்னு நீ கேப்ப. வாயால உன்கிட்ட நான் சொன்னது உன்கிட்ட நிக்கலையே மவளே. நீ அங்க நம்ம ஊர்க்காரங்க சங்கத்துக் கூட்டத்தில அந்தப் பேர் இல்லாத குழிக் கதையைச் சொன்னது பாட்டும் படமுமா செல்லுல இங்கன திரும்பி வந்து, மீன் ஏலக் கூடத்தில வச்சு ஒருத்தன் என்கிட்டேயே காட்டுதான். அதனால தாள்தான் நல்லது. தாளைக் கிழிச்சிரலாம்.

ஜெபசுதாவைக் கூப்பிட்டதுக்கும் காரணம் இருக்கு. அவ சி.எஸ்.ஐ., நம்ம பங்கும் இல்ல, நம்ம கமிட்டியும் இல்ல, எவன்கிட்டயும் போய்ச் சொல்ல அவளுக்கு ஒரு ஆதாயமும் இல்ல. அப்படியும் எழுதினதை ரெண்டு தடவை வாசிக்கச் சொல்லுதேன், ரெண்டாவது தடவை வேற மாதிரி வருதான்னு பாக்கதுக்கு. முப்பத்தஞ்சு வருஷம் பரீட்சைப் பேப்பர் திருத்தினவ நான், எனக்கே பரீட்சை வைக்கியளே அண்ணாச்சின்னு சிரிக்கா. அதையும் எழுதுன்னு சொல்லிட்டேன். எழுதிட்டா.

ரெண்டு வருஷத்துக்கு முந்தின பெருவெள்ளத்தில கல்லறைத் தோட்டத்துச் சுவர் கடற்கரைப் பக்கமா விழுந்தது உனக்குத் தெரியும். இந்த மாசம்தான் அதைத் திரும்பக் கட்ட எடுத்தாங்க. மூலையில பேர் எழுதாத ஒரு குருசு நிக்கும்லா, புயல்ல கரை ஒதுங்கினவனைப் புதைச்ச இடம், அதுக்கு அங்கிட்டா சுவரைக் கொண்டுபோகவா இங்கிட்டா கொண்டுபோகவான்னு பேச்சு வந்தது. அறுபது வருஷமா நாய்கூடத் திரும்பிப் பாக்காத குழி. உன் படம் வந்து இறங்கின மறு வாரமே ரெண்டு கூட்டம் என் வாசலுக்கு வந்துட்டு.

முதல்ல வந்தவன் லிங்கராஜ். நம்ம ஜவுளிக்கடை மந்திரமூர்த்தி அண்ணாச்சி இருந்தாரே, அவர் பேரன். கூட நாலு பேர். முப்பது வருஷமா என்னைத் தெருவில கண்டு கண்டுக்காமப் போறவன், குனிஞ்சு கும்பிட்டான். அப்பவே உஷாராயிட்டேன். குருசுக்குக் கீழ கிடக்கது ராமேசுரத்துக்குப் போன யாத்திரைக்காரர், அவரைச் செத்த பிறகு மதம் மாத்திட்டீங்க, எங்க தாத்தா கோடித்துணி கொடுத்திருக்கார், நம்ம ஆளுன்னு தெரியாமலா கொடுப்பார், குருசைப் பிடுங்கிட்டு நாங்க ஒரு பீடம் வைக்கணும், நீங்க பெரிய மனசோட ஒரு வார்த்தை சொல்லணும்னான். உங்க தாத்தா கடையில துணி எடுத்தவன் எல்லாம் உங்க ஆளுன்னா, என் கல்யாண வேட்டியும் அங்கன எடுத்ததுதான், என்னையும் கூட்டிட்டுப் போடேன்னேன். அவன் சிரிக்கல. பின்னால நின்னவன் ஒருத்தன் செல்லைத் தூக்கிப் பிடிச்சிருந்தான், மணி பாக்கான்னு நினைச்சேன். படம் பிடிச்சிருக்கான் பாவி.

மறுநாள் நம்ம ஆளுக வந்தாங்க. ஊர்க் கமிட்டி ரெமிஜியுஸ், ஒரு பை நிறைய ஆப்பிள், கூட இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையில ஒரு கட்சிக்காரர். எங்க கட்சிதான் உங்களுக்குக் காவல்னார் அவர். காவல்காரன் ஆப்பிளோட வந்து நான் கண்டதில்ல. டைப் அடிச்ச தாள் ஒண்ணை ரெமிஜியுஸ் வாசிச்சான், மூணு தடவை வாசிக்கச் சொன்னேன். இறந்தவர் உடலில், கத்தோலிக்கர் கழுத்தில் அணியும் மாதாவின் உத்தரியம் இருந்ததை நான் கண்ணால் கண்டேன், உத்தரியத்தோடுதான் அடக்கம் செய்தோம், ஆகவே அவர் நம்ம கத்தோலிக்கர்னு எழுதியிருக்கு. கீழ என் பெருவிரல் ரேகைக்குக் கட்டம் போட்டிருக்கு. அதில கண்டேன்கிறது மெய், அடக்கம் செய்தோம்கிறதும் மெய். பொய் இருக்கது ஆகவேங்கிறதுக்கு அப்புறம்தான். அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. நீங்க எந்தப் பக்கம்னு ஊருக்குத் தெரியணும் அய்யான்னான் ரெமிஜியுஸ். அய்யாவாம். போன மாசம் வரை ஏ கிழவான்னு கூப்பிட்டவன்.

நான் எந்தப் பக்கம்னு எனக்கே சரியாச் சொல்லத் தெரியாது மவளே. தோணித் தொழிலாளி வேலைநிறுத்தத்தில செங்கொடி பிடிச்சேன், அதுக்காக அன்னைக்கு இருந்த சாமியார் என்னைப் பேர் சொல்லாமப் பிரசங்கத்தில திட்டினார். அதே வாரம் மாதா சப்பரத்துக்குத் தோள் கொடுத்தேன், அதுக்காகத் தொழிலாளர் சங்கத்தில கேலி பண்ணினாங்க. ரெண்டு இடத்திலயும் எனக்குப் பாதி நாற்காலிதான். ஓட்டு எல்லாச் சின்னத்துக்கும் போட்டிருக்கேன், ஒருத்தனும் ரெண்டாவது தடவைக்கு யோக்கியனா இல்ல. இதை ரெமிஜியுஸ்கிட்ட சொன்னேன். அவன் பல்லைக் காட்டிட்டு, நாளைக்கு நீங்களும் பிளாரன்ஸ் ஆச்சி பக்கத்தில படுக்கணும்லா அய்யா, இடம் ஒதுக்கது கமிட்டிதானேன்னான். மிரட்டல்னு சொல்ல முடியாது, அக்கறைன்னும் சொல்ல முடியாது. உங்கம்மா குழிக்கு இடது பக்கம் எனக்குன்னு விட்டிருக்க ஆறடி. அதைத்தான் சொல்லுதான்.

அதுக்கு மறுநாள் நீ பதிஞ்சு அனுப்பின குரல் போன்ல வந்தது. அப்பா ரேகையை வச்சுக் கொடுத்திருங்க, இது நடுவில நிக்கிற காலம் இல்ல, சின்ன வயசில நீங்கதானே உத்தரியக் கதையைச் சொன்னீங்கன்னு கேட்டிருக்க. ஜெபசுதா போனைப் பிடிச்சா, நான் ரெண்டு தடவை கேட்டேன். நீதான் பேசுதியா, ரெமிஜியுஸ் உன்னைப் பேச வச்சானான்னு முதல்ல சந்தேகம். அப்பாவை மன்னிச்சிரு. இப்ப நடந்ததை நடந்த மாதிரி சொல்லுதேன், இதுவரை உங்கம்மாவுக்கும் சொன்னதில்ல.

கிறிஸ்துமஸ் கழிச்சு ஆறாம் நாள் விடியக்காலை. சாமியார் மணப்பாட்டுக்குப் போயிருந்தார், உபதேசியாருக்குக் காய்ச்சல். எனக்கு இருபத்திநாலு வயசு. நானும் காயல்பட்டினத்துச் செய்கு அப்துல் காதிரும் தோணிக்கு நங்கூரம் பாக்கப் போனோம், அவர் கொழும்புத் தோணியில என்கூட ஓடினவர். கரையில ஒரு கருப்பட்டிக்காரப் பொண்ணு, பதினெட்டு வயசு இருக்கும், பெட்டியை மணல்ல கவுத்துப் போட்டுட்டு நிக்கா. காலடியில பிணம். ஒரு வாரம் கடல்ல கிடந்தது, முகம் இல்ல, உடுப்பு இல்ல. எங்களைக் கண்டதும் பெட்டி மூடின துணியை எடுத்து அதன் இடுப்பில போட்டுட்டா. எதுக்குப் போட்டான்னு உனக்கு நான் விளக்க வேண்டாம், நீ நர்சு. இடுப்பைப் பாத்தா துலுக்கனா இல்லையான்னு தெரிஞ்சு போகும். அவ பாத்திருக்கா. நாங்க பாக்கல. காதிரும் நானும் ஒருத்தரை ஒருத்தர் பாத்தோம், துணியை எடுக்க வேண்டாம்னு ரெண்டு பேருக்கும் தோணிட்டு. மையத்தாப் போன உடம்பைக் காக்க வைக்கக் கூடாது, தூக்குன்னார் அவர். நான் ஓடி மந்திரமூர்த்தி அண்ணாச்சியை எழுப்பினேன், முழுக் கோடியைக் கிழிக்காம எடுத்துட்டு அவரே வந்துட்டார். அந்தப் பொண்ணு போட்ட துணிக்கு மேலேயே கோடியைச் சுத்தினோம்.

புதைக்க இடம் வேணும். அந்தக் கடற்கரையில தோண்டினா நாய் விடாது, இருக்கது நம்ம கல்லறைத் தோட்டம் ஒண்ணுதான். ஞானஸ்நானம் இல்லாதவனை மந்திரிச்ச மண்ணில வச்சா ஊர் விடாது, மறுநாளே தோண்டி எடுப்பாங்க. அப்பத்தான் நான் அதைச் செய்தேன். என் கழுத்தில எங்கம்மா போட்டுவிட்ட உத்தரியத்தை, கயித்தில கோத்த அந்த மாதா துணிப் படத்தைக் கழத்தி, கோடியை விலக்கி, அவன் கழுத்தில போட்டேன். மாதாவே இவன் உம்முடையவன்னு ஒரு பொய். நல்லதுக்குச் சொன்னதுதான், ஆனாலும் பொய். காதிர் பாத்துட்டு, உன் ஆண்டவன்கிட்ட நீ பதில் சொல்லிக்கன்னார். அண்ணாச்சி முகத்தைத் திருப்பிக்கிட்டார். ஊர் கூடி வந்து பாத்தது உத்தரியத்தைத்தான். நம்ம ஆளுதான்னு நாலு பொம்பளைக ஒப்பாரி வச்சு அழுதாங்க. எனக்குத் தெரிஞ்ச மரித்தோர் ஜெபத்தை நான் சொன்னேன், காதிர் கை ஏந்தி அவர் ஓதினார், அண்ணாச்சி கால்மாட்டில சூடம் கொளுத்தினார். உடைஞ்ச துடுப்பில குருசு கட்டி நட்டேன், எனக்குத் தெரிஞ்ச குறி அது ஒண்ணுதான். உத்தரியம் எங்கடான்னு எங்கம்மா கேட்டப்போ கடல் கொண்டு போச்சுன்னேன். உனக்கும் உன் தம்பிக்கும் கதை சொல்லும்போது அவன் உத்தரியத்தோட வந்தான்னு சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே பாதி நம்பிக்கை வந்துட்டு. இன்னைக்கு அந்தப் பொய்யை எடுத்துத்தான் ரெண்டு பேரும் சண்டை போடுதாங்க, ஒருத்தன் அதைப் பிடிச்சு இழுக்க, இன்னொருத்தன் அதை அறுக்க.

நம்ம ஆளுகளுக்கு இப்ப இருக்க பயம் சும்மா வந்த பயம்னு நான் சொல்ல மாட்டேன். நாலு ஊருக்கு அங்கிட்டு நடக்கது எனக்கும் காதில விழுது. ஆனா பயந்தவன்கிட்ட ரேகை வாங்குறவனைப் பாத்துத்தான் எனக்கு அதிகப் பயம். எழுத்து தெரியாட்டியும் ஞானோபதேசம் எனக்கு மனப்பாடம். இரக்கச் செயல் ஏழில கடைசி, செத்தவர்களை அடக்கம் செய்யுறது. செத்த கத்தோலிக்கர்களைன்னு அதில இல்ல. தோபித்து கதையிலயும் தெருவில கிடந்த பிணத்தைத்தான் அவர் தூக்கினார்னு இதைச் சொல்லும்போது ஜெபசுதா எழுத்தை நிறுத்திட்டு, அந்தப் புத்தகம் எங்க வேதத்தில இல்லையே அண்ணாச்சின்னா. இல்லாட்டிப் போகுது, பிணத்தைத் தூக்குறதுக்கு உங்க வேதம் தடை சொல்லுதான்னேன். தடை சொல்லலன்னா. அப்ப எழுதுன்னேன்.

போன சனிக்கிழமை பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பொய்யைச் சொன்னேன், அறுபது வருஷம்னு கணக்கையும் சொன்னேன். சின்ன வயசுக்காரர், ஒரு ஜெபமாலை சொல்லுங்கன்னு அபராதம் கொடுத்தார். நல்லவராத்தான் தெரியுதார், அதனால இன்னும் கொஞ்ச நாள் பாப்போம். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் கோயில் வாசல்ல வச்சு ரெமிஜியுஸ்கிட்ட எல்லாருக்கும் கேக்கும்படி சொல்லிட்டேன், அந்த உத்தரியம் என்னுது, அவன் யாருன்னு எனக்குத் தெரியாது, தாள்ல ரேகை வைக்க மாட்டேன். ரோட்டில நின்ன லிங்கராஜ் சந்தோஷமா எட்டிப் பாத்தான். உனக்கும் தெரியாதுலே, அந்தக் குருசில கை வச்சா உங்க தாத்தா கொளுத்தின சூடத்தையும் சேர்த்துத்தான் பிடுங்குத, போய் உங்க அப்பன்கிட்ட கேளுன்னேன். ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்தில முகம் செத்துப்போனதை அன்னைக்குத்தான் பாத்தேன். அதிலிருந்து வீட்டுக்கு யாரும் வாரதில்ல. மீன் கொண்டுவாரவளும் ரெண்டு நாளா வேற தெரு வழியாப் போறா. ஆப்பிளைப் பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்துட்டேன்.

இனி உனக்குச் சொல்லுதது. சங்கத்தில மறுபடியும் கூட்டம் போடும்போது எந்திரிச்சு நின்னு, எங்கப்பா என்கிட்ட பொய் சொல்லிட்டார், உத்தரியம் அவருதுன்னு சொல்லணும். வெக்கமா இருக்கும், எனக்கும் இருந்துச்சு, செத்துப் போகல. நான் போன பிறகு உங்கம்மா பக்கத்தில இடம் கொடுத்தா வாங்கிக்க, கெஞ்ச வேண்டாம். கொடுக்கலைன்னா அந்த மூலையில, அவனுக்கு இந்தப் பக்கம், மணலாத்தான் இருக்கு, தோண்ட லேசு. உங்கம்மா கோவிச்சுக்க மாட்டா, அவ கோவம் எல்லாம் அரை நாள். தம்பி இங்கிருந்து பாத்துக்கிடுவான், அவனோட நீ இந்த விஷயத்தில சண்டை பிடிக்காத. பிள்ளைகளுக்குப் படுக்கையில ஒரு அருள்நிறைந்த மரியாவாவது தமிழ்ல சொல்லிக்கொடு. பிரஷர் மாத்திரையை விடாத. ராத்திரி பஸ்ஸில தனியா வராத. ஆண்டவர் உன்னையும் உன் வீட்டையும் நிழல்ல வச்சுக் காப்பாராக, மாதா உன் கையைப் பிடிச்சு நடத்துவாளாக.

இப்படிக்கு அப்பா தொம்மை மச்சாது. அவங்களுக்கு வைக்காத ரேகை இங்கன வச்சிருக்கு, இடது கைப் பெருவிரல்.

கட்டை விரல்ல மை காயுறதுக்குள்ள இன்னொண்ணு. உன் தம்பிக்கும் தெரியாது, பாவசங்கீர்த்தனம் கேட்ட சாமியார் மாதிரி வாய் திறக்காம இருக்கணும்னு ஜெபசுதாகிட்ட சத்தியம் வாங்கிட்டேன். அன்னைக்குக் கரையில நின்னவங்கள்ல வேற யாரும் உசுரோட இருக்காங்களான்னு ரெண்டு கூட்டமும் என்கிட்ட கேட்டுது. ஒருத்தரும் இல்லைன்னேன், அடுத்த சனிக்கிழமை அதையும் போய்ச் சொல்லணும். காதிர் போய் இருபது வருஷம். மந்திரமூர்த்தி அண்ணாச்சி அதுக்கும் முந்தி. நான் செத்தா ஊர் தானா வரும், வராமலும் இருக்கும், அதைப் பத்திக் கவலை இல்ல. ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் கேதம் சொல்லி அனுப்பணும். அன்னைக்குப் பெட்டித் துணியைப் போட்ட பொண்ணு, இப்ப ஓட்டப்பிடாரத்துக்குப் பக்கம் பேத்தி சண்முகப்ரியா வீட்டில இருக்கா, கண் நல்லாத் தெரியுதாம். அவன் யாருன்னு அவளுக்குத் தெரியும். அறுபது வருஷமா நான் கேக்கல, அவளும் சொல்லல. நீயும் கேக்காத. அப்பா போயிட்டார்னு மட்டும் சொல்லு. அவ பேர் வடிவம்மாள்.