லோகேஸ்வரி பொரிக்காத வடை

மெர்போக்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் அலனுக்கு,

மெல்பர்னில் உன்னையும் மருமகள் நிகோலையும் ஆண்டவர் காப்பாராக. போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கிடுவாய். அதனால் எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன். கடைசி வரி வரை படி.

நேற்று பக்கத்து வீட்டு மணியத்தின் காரில் சுங்கைப்பட்டாணி போய் இரத்தச் சோதனை முடிவை வாங்கினேன். என்னோடு தங்கிச் சமைத்த லோகேஸ்வரியை நீ வேலையிலிருந்து நிறுத்திய பிறகு கஞ்சியும் அவித்த கீரையும்தான் சாப்பிட்டேன். கெட்ட கொழுப்பு இன்னும் ஏறியிருக்கிறது. இனி யாரைக் குற்றம் சொல்லப்போகிறாய்?

டாக்டர் வாசுகி தைராய்டையும் பார்த்தார். மிகவும் குறைவு. அதற்கும் கொழுப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அரைகுறை விளக்கம் எனக்குப் பிடிக்காது. படம் வரையச் சொன்னேன். இரத்தத்தில் ஓடும் கெட்ட கொழுப்பைப் பிடித்து உள்ளே இழுக்கக் கல்லீரல் செல்களின் மேல் ஏற்பிகள் இருக்கின்றனவாம். அவற்றைப் போதுமான அளவு உண்டாக்கும்படி கல்லீரலைத் தூண்டுவது தைராய்டு ஹார்மோன். அது குறைந்தால் ஏற்பிகளும் குறையும். பிறகு நான் பட்டினி கிடந்தாலும் கொழுப்பு இரத்தத்திலேயேதான் சுற்றும்.

தைராய்டு மாத்திரையைத் தவறாமல் விழுங்குகிறேனே என்றேன். எதோடு என்று கேட்டார். பாசாரில் வாங்கும் சோயா பாலோடு என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சோயா அந்த மாத்திரையை உடம்பில் சரியாகச் சேர விடாதாம். கொழுப்பு குறையும் என்று தினமும் காலையில் குடிக்கச் சொன்னது இஞ்சினியர் மகன் என்றேன். “இஞ்சினியரா? அதான்லா ஆன்ட்டி,” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் பூசைக்குப் போயிருந்த நேரம் பார்த்து லோகேஸ்வரியைப் போனில் அழைத்து, அம்மாவுக்குத் திருட்டுத்தனமாக வடை பொரித்துக் கொடுக்கிறாயா என்று கேட்டாயாமே. நான் திரும்பி வந்தபோது பையோடு வாசலில் நின்றாள். “எண்ணெய்ச் சட்டிய அடுப்புல வச்சே மாசக்கணக்காச்சும்மா. தம்பிகிட்ட சொல்லுங்கலா,” என்றாள். சொன்னேன். நீ கேட்கவில்லை.

இப்போது யான் ஊரில் தன் தங்கை வீட்டில் இருக்கிறாள். அலோர் ஸ்டாரில் ஒரு பள்ளிக் கேண்டினில் வேலை கிடைத்திருக்கிறதாம், திங்கட்கிழமை சேர்கிறாள். அதற்குள் நீயே அழைத்து, தவறு உன்னுடையது என்று சொல். நான் கேட்டதாகச் சொல்லாதே. எனக்கு எந்தக் குறையும் இல்லை. இரவு மேசையில் இரண்டு தட்டு வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது, அதுதான் எரிச்சல்.

ஆண்டவர் உனக்கு நீண்ட ஆயுளும், ஞாயிற்றுக்கிழமைக்குள் கொஞ்சம் பணிவும் தருவாராக.

உன் அம்மா,
கேதரின்