என் பெயரில் இரண்டு துப்பாக்கி

திரோயன்
3 மார்ச் 2009

அன்புள்ள ரத்கா அக்காவுக்கு,

நலம். முட்டி வலி எப்படி இருக்கிறது? நீ எழுதி வெகுநாளாயிற்று, எனக்குக் கோபம்தான். இருந்தாலும் ஒரு யோசனை சொல். வார்னா விமான நிலையத்தில் தினமும் பயணிகளின் பெட்டிகளை வாங்கி விமானத்துக்கு அனுப்புகிறவள் நீ. வேட்டைத் துப்பாக்கிக்கு எந்தப் பெட்டி அடி தாங்கும்?

என் வீட்டுக்காரர் வெல்கோவுக்கு ஸ்பெயினில் ஒரு வேட்டை விடுதியில் வேலை கிடைத்திருக்கிறது. நானும் போக வேண்டுமாம். கல்யாண வீட்டில் குடித்துவிட்டு விளக்கைச் சுட்டு உரிமத்தைப் பறிகொடுத்தவர், இரண்டு துப்பாக்கியையும் என் பெயருக்கு மாற்றினார் அல்லவா? அன்றிலிருந்து அவர் பன்றி சுட, நான் பனியில் கூடவே நிற்கிறேன். "நீ வரலேன்னா துப்பாக்கி வராதுடி" என்கிறார். பேக்கரி வேலையை விட்டுவிட்டு அங்கே போய் என்ன செய்வேன்? மூச்சு முட்டுகிறது அக்கா.

உன் நெவேனா

வார்னா
11 மார்ச்

கண்ணு நெவேனா,

அலுமினியம் பளபளக்கும், வண்டியிலிருந்து விழுந்தால் மூலை நசுங்கும். கெட்டிப் பிளாஸ்டிக்கில், பூட்டுத் துளையைச் சுற்றி இரும்பு பதித்ததாக வாங்கு. மூடியை அழுத்திப் பார், நெளிந்தால் வேண்டாம். சாவி உன்னிடம்தான் இருக்க வேண்டும். "யார் துப்பாக்கிம்மா, கூடவே போறீங்களா?" என்று கேட்பார்கள். இல்லையென்று சொன்னால் பெட்டி விமானத்தில் ஏறாது.

மடச்சி, பெட்டி கேட்டு எழுதியிருக்கிறாய். "அக்கா, உன் வீட்டுக்கு வரட்டுமா?" என்று கேட்டிருக்கலாம்.

ரத்கா

திரோயன்
29 மார்ச்

அன்புள்ள அக்கா,

நீ சொன்ன மாதிரிப் பெட்டியே வாங்கினோம். சோபியா விமான நிலையத்தில் அதே கேள்வியைக் கேட்டார்கள். "என்னுதுதான். ஆனா நான் போகல" என்றேன். எப்படி வாய் வந்ததோ தெரியவில்லை. வெல்கோ தனியாகப் போய்விடுவார் என்று நம்பினேன். அவரோ, "இவ வராட்டி போகட்டும் சார், பெட்டிய மட்டும் ஏத்துங்க" என்று கெஞ்சினார். முடியாது என்றதும் அவரும் போகவில்லை. ஒரே காரில் திரும்பினோம். பின் சீட்டில் பெட்டிக்கு பெல்ட் போட்டுவிட்டார். வழியெல்லாம் எனக்கு அழுகை.

மறுநாள் பெட்டியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தேன். "திரும்ப எப்ப வாங்கிக்குவீங்க?" என்றார்கள். வேண்டவே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இப்போது பேக்கரி மாடியில் முதலாளியம்மா தந்த அறையில் இருக்கிறேன்.

நேற்று வெல்கோ வாசலுக்கு வந்து, "பெட்டி எங்கடி?" என்று கேட்டார். சொன்னேன். போய்விட்டார். வீட்டுக்கு வா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் போயிருப்பேன் அக்கா.

நெவேனா