வேலிக்கம்பில் ஒரு கையுறை

டிராம்சோ,
ஜனவரி 9

அன்புள்ள எய்விண்ட்,

நான் நலம். உன் முட்டிவலி தேவலையா? இந்த வடகோடியில் சூரியன் முகம் காட்டி ஆறு வாரமாகிறது. ஆஸ்பத்திரி வாசலில் தினமும் யாராவது ஒரு டாக்டர் வழுக்கி விழுகிறார். எலும்பு முறிவு வார்டில் எங்களுக்கு வேலைக்குப் பஞ்சமே இல்லை.

புத்தாண்டுக்கு வருவதாக இருந்தாய். மலைப்பாதையைப் பனி மூடிவிட்டது என்றாய். நானும் நம்பினேன்.

நேற்று, என்னோடு வேலை பார்க்கிறாளே மரித், அவள் வீட்டைக் கடந்தபோது வேலிக்கம்பில் ஒற்றைக் கையுறை மாட்டியிருந்தது. பனியில் கிடந்ததை யாரோ எடுத்து மாட்டியிருக்கிறார்கள். நீல நூல் தீர்ந்துபோய், கட்டைவிரலை மட்டும் சிவப்பில் நான் உனக்குப் பின்னிய கையுறை.

பக்கத்து வீட்டுக் கிழவர் சொன்னார்: "புத்தாண்டுக்கு மரித் வீட்டுக்கு வந்தவரோடதும்மா. தங்கமான மனுஷன்! முட்டி வலியில நொண்டிக்கிட்டே என் வாசல் பனியையும் சேர்த்து அள்ளிப் போட்டாரு."

கல்யாணமான இத்தனை வருஷத்தில் நம் வாசலில் நீ ஒருநாளாவது பனி அள்ளியிருக்கிறாயா?

என் கம்பளிக் காலுறைகளையும் கொஞ்சம் பழுப்புச் சீஸும் அனுப்பு. நேரில் வேண்டாம், தபாலில் போதும். வேலைக்கு நேரமாகிவிட்டது.

கையுறையை நான் எடுக்கவில்லை. தொலைத்தவர் வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்றுதானே கம்பில் மாட்டுகிறோம்.

இங்கபோர்