பன்னிரண்டாவது குடும்பம்

கிரவீன்,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்புள்ள மகன் செந்தூரனுக்கு அம்மா எழுதிக்கொள்வது,

நான் இங்கே நல்ல சுகம், இரண்டு முழங்காலையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நீயும் கஜந்தியும் என் பேத்தியும் கல்கரியில் அதேபோலச் சுகமாக இருக்க வேண்டுமென்று மேஸ்ஹில் கோயில் முருகனிடம் கேட்டுவிட்டு வந்துதான் பேனையை எடுத்தேன். போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடுதாசி எழுதுகிறா என்று நீ யோசிப்பாய். போனில் நான் ஒரு வசனத்தை முடிப்பதற்குள் நீ மூன்று வசனம் சொல்லிவிடுகிறாய், அப்பாவின் குணம் அப்படியே உனக்கு வந்திருக்கிறது. கடுதாசியில் உன்னால் குறுக்கே பேச முடியாது. ஒரு தேத்தண்ணியை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசி.

நீ அனுப்பிய பத்திரங்கள் வந்து சேர்ந்தன. இந்த வீட்டை விற்றுவிட்டுக் கல்கரிக்கு வரச் சம்மதம் என்று நான் கையெழுத்துப் போடவேண்டிய இடமெல்லாம் மஞ்சள் அடையாளம் போட்டு அனுப்பியிருக்கிறாய், கெட்டிக்காரன். குசினி மேசையில் அவை மூன்று நாளாக இருக்கின்றன. வீட்டைப் பார்த்து விலை பேச ஓர் ஏஜென்டையும் ஒழுங்கு செய்துவிட்டாயாம், அவரும் போன் எடுத்தார், நான் கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். "இதுக்குத்தானம்மா நான் சொன்னனான், இனி உங்களைத் தனிய விடேலாது" என்று நீ போனில் சொன்னது இன்னும் காதுக்குள் நிற்கிறது. சத்தம் போட்டாய், ஆனால் உன் குரல் நடுங்கியது எனக்குத் தெரிந்தது. அதனால்தான் நடந்ததை ஒன்றும் ஒளிக்காமல் எழுதுகிறேன், சிறி அண்ணை உனக்குச் சொன்னது பாதிக் கதைதான்.

எங்கள் மூத்தோர் சங்கத்துச் சுற்றுலா உனக்குத் தெரியும், சிறி அண்ணைதான் செயலாளர், அவர்தான் எல்லா ஒழுங்கும். இந்த முறை நியூசிலாந்தின் தென் தீவுக்கு எட்டு நாள், மலை நடை, பனியாறு, கடைசியில் கப்பல். பதினொரு சோடியும் நானுமாக இருபத்து மூன்று பேர், இரண்டு மினிபஸ். விமான நிலையத்தில் எங்கள் பக்கத்துத் தெரு தவமணி அக்காவின் சப்பாத்தில் மண் இருக்கிறதென்று அதிகாரிகள் வாங்கிக்கொண்டுபோய்க் கழுவிக் கொடுத்தார்கள், நாற்பது வருசத்தில் என்ர மனுசன் கூட எனக்கு இப்படிச் செய்ததில்லை என்று அவ சொல்ல, ஈஸ்வரமூர்த்தி அண்ணை வெட்கத்தில் மேலே பார்த்தார். சிறி அண்ணை சோறு காய்ச்சும் குக்கரைக் கைப்பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். கெல்லிவில்லிலிருந்து வாசுதேவன், விஜயா என்று ஒரு தமிழ்நாட்டுச் சோடியும் எங்களோடு சேர்ந்தது, விஜயா நல்ல பிள்ளை, மூன்றாம் நாள் தானும் "ஓம்" சொல்லத் தொடங்கிவிட்டா.

இனிச் சிறி அண்ணையின் எண்ணிக்கைக்கு வருகிறேன். கோயிலில் அன்னதானத்துக்குப் பொதி கட்டிக் கட்டி அவருக்குப் பழக்கம், ஆளை எண்ணமாட்டார், குடும்பத்தைத்தான் எண்ணுவார். ஈஸ்வரமூர்த்தி குடும்பம் என்பார், ஓம் என்று பதில் வரும், ஒரு சரி போடுவார். பதினொரு சரி விழுந்தால் பஸ் வெளிக்கிடும். அப்பா இருந்த காலத்தில் தருமராசா குடும்பம் என்று எங்களையும் கூப்பிடுவார், அப்பா பின்னால் இருந்துகொண்டு சத்தமாகப் பதில் சொல்லுவார். அப்பா போய் மூன்று வருசம், அந்த வரி பட்டியலில் இல்லை. அதற்காக என்னை விட்டுவிட்டார்கள் என்று நினைக்காதே, என்னை எல்லோரும் தங்களோடு சேர்த்துக்கொண்டார்கள். ஒரு நாள் தவமணி அக்காவின் பஸ்ஸில் இருப்பேன், அடுத்த நாள் விஜயாவின் பஸ்ஸில். இறங்கும்போது ஒருத்தி கையைப் பிடிப்பா, ஏறும்போது மற்றவ கைப்பையை வாங்குவா. அன்பில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் எட்டு நாளும் என்னை ஒரு பார்சல் மாதிரிக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள் மகன், எனக்கு அது கொஞ்சம் அலுத்துவிட்டது.

நான்காம் நாள் டாஸ்மன் பனியாற்றுக்குப் போனோம். வாகனத் தரிப்பிடத்திலிருந்து மேலே முந்நூறுக்கு மேல் கல்படிகள். பனியாறு என்றால் வெள்ளை வெளேரென்று இருக்குமென்று நினைத்திருந்தேன், அது கல்லும் மண்ணும் மூடிச் சாம்பல் நிறமாகக் கிடக்கிறது, முன்னால் உள்ள ஏரி சீமெந்து கரைத்த தண்ணி மாதிரி இருக்கிறது, அதில் வீடளவு பனிக்கட்டிகள் நீல நிறமாக மிதக்கின்றன. வடிவு என்று சொல்லத் தெரியவில்லை, ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை. எங்கள் ஆட்கள் பத்து நிமிசம் படம் எடுத்தார்கள், மழை இருட்டுகிறது என்று இறங்கத் தொடங்கினார்கள். இப்போது நான் உனக்கு உண்மையைச் சொல்லப்போகிறேன். தவமணி அக்காவிடம், நான் விஜயாவோடு வாறன், நீங்கள் போங்கோ என்றேன். விஜயாவிடம், நான் தவமணி அக்காவோடு வாறன், நீங்கள் போங்கோ என்றேன். இரண்டும் பொய். யாருடைய கையும் பிடிக்காமல் கொஞ்ச நேரம் அங்கே நிற்க எனக்கு ஆசையாக இருந்தது, அவ்வளவுதான். நின்றேன். பனிக்கட்டி ஒன்று இடி மாதிரிச் சத்தத்தோடு பிளந்து புரண்டதை நான் மட்டும்தான் பார்த்தேன்.

ஆறுதலாக ஒவ்வொரு படியாக இறங்கி வந்து பார்த்தால் இரண்டு மினிபஸ்ஸையும் காணவில்லை. முதலில் பஸ்ஸைத் திருப்ப எடுத்துப் போயிருப்பார்கள் என்று நினைத்தேன். கால் மணித்தியாலம் போனபின் பயம் வந்தது, இல்லையென்று உனக்குப் பொய் சொல்லமாட்டேன். போனில் ஒரு கோடு சிக்னலும் இல்லை. அப்போது உள்ளேயே படுத்துறங்கும் ஒரு கூடார வண்டியில் ஒல்லாந்து நாட்டுக் கிழவனும் கிழவியும் வந்தார்கள். கடையில் பேசுகிற என் இங்கிலிஷில் விசயத்தைச் சொன்னேன். ஏறு, கொண்டுபோய் விடுகிறோம் என்றார்கள். நான் ஏறவில்லை. எங்கள் ஆட்கள் திரும்பி வந்து நான் நின்ற இடம் வெறுமையாக இருந்தால் சிறி அண்ணையின் நெஞ்சு தாங்காது, இரண்டு ஸ்டென்ட் போட்ட மனுசன். ஒரு காகிதத்தில் என் பெயர், சாரதி தந்த போன் நம்பர், நான் நிற்கும் இடம் எல்லாம் எழுதிக் கொடுத்து, கிராமத்துத் தகவல் நிலையத்தில் சேர்க்கச் சொன்னேன். அவர்கள் சேர்த்தும் விட்டார்கள். பிறகு ஒதுங்கு கொட்டிலுக்குள் இருந்து, கோட்டுப் பைக்குள் இருந்த பருத்தித்துறை வடையை ஒவ்வொன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு மழையைப் பார்த்தேன். செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன் என்று தெரிந்தபின் பயம் போய்விட்டது. சந்தோசமாகத்தான் இருந்தேன், ஏசாதே.

நான் மேலே நின்ற நேரம் கீழே நடந்தது இதுதான். சிறி அண்ணை மழைக்குள் நின்று குடும்பங்களை வாசித்திருக்கிறார், பதினொரு சரியும் விழுந்துவிட்டது. தவமணி அக்கா நான் மற்ற பஸ்ஸில் என்று நினைத்தா, விஜயாவும் அப்படியே. முக்கால் மணித்தியாலம் ஓடிப்போய் விடுதியில் இறங்கி, தேத்தண்ணி குடிக்கும்போது கோப்பை ஒன்று மிஞ்சியதாம். "கனகேஸ்வரி எங்கை?" என்று தவமணி அக்கா கேட்க, "உங்ககூட இல்லையா?" என்று விஜயா கேட்க, சிறி அண்ணை அந்த இடத்திலேயே கதிரையில் இருந்துவிட்டாராம். அந்தரப்பட்டுத்தான் உனக்குப் போன் அடித்திருக்கிறார். நீயும் பயத்தில் அவரை வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறாய், அவர் எனக்குச் சொல்லவில்லை, பக்கத்தில் நின்ற ஈஸ்வரமூர்த்தி அண்ணைதான் சொன்னார். அவர்கள் திரும்பி வந்தபோது விஜயா இறங்கி ஓடிவந்து கட்டிப்பிடித்து, "நீங்க அந்த வண்டில இருக்கீங்கன்னு நெனச்சுட்டேங்க்கா" என்று அழுதா. சிறி அண்ணை என் முகத்தைப் பார்க்கவேயில்லை. "தங்கச்சி, உம்மை எண்ணாமல் விட்டிட்டன்" என்று மட்டும் சொன்னார்.

என் பொய்யை அப்போது சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இரண்டு நாள் கழித்து டவுட்ஃபுல் சவுண்ட் என்ற கடல் நுழைவில் ஓர் இரவு தங்கும் கப்பலில் ஏறினோம். இரண்டு பக்கமும் மலை நேரே தண்ணிக்குள் இறங்குகிறது, மழை பெய்ததால் நூறு அருவி, ஒரு வீடு இல்லை, ஒரு விளக்கு இல்லை. நடுவில் கப்டன் எஞ்சினை நிற்பாட்டி, எல்லோரும் கொஞ்ச நேரம் பேசாமல் கேளுங்கள் என்றார். எங்கள் ஆட்கள் பேசாமல் இருப்பதாவது, அரை நிமிசத்தில் யாரோ உறைப்பு மிக்சர் பையைத் திறந்தார்கள். ஆனால் அந்த அரை நிமிசம் எனக்குப் போதுமாக இருந்தது. சிறி அண்ணைக்குப் பக்கத்தில் போய், அண்ணை, பிழை உங்களில் இல்லை, நான்தான் ரெண்டு பேருக்கும் பொய் சொன்னனான் என்றேன். ஏன் என்று கேட்டார். தனிய நிண்டு பார்க்க ஆசையாக இருந்தது என்றேன். ஏசுவார் என்று நினைத்தேன். சட்டைப் பையிலிருந்து பட்டியலை எடுத்து அடியில் ஏதோ எழுதினார்.

அடுத்த நாள் கப்பலால் இறங்கியதும் வழக்கம்போல வாசித்தார். பதினொரு குடும்பமும் முடிந்தது. காகிதத்தை மடிக்கவில்லை. "பன்னிரண்டாவது, கனகேஸ்வரி குடும்பம்" என்றார். ஒருவரும் பதில் சொல்லவில்லை, நானும் யாரோ சொல்லுவார்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன், அப்படிப் பழகிவிட்டது. விஜயா இடித்து, "அக்கா, உங்களைத்தான்" என்றா. பிறகுதான் எனக்கு வாய் வந்தது. "ஓம், எல்லாரும் வந்தாச்சு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், பிறகு பஸ்ஸுக்குள் ஏறியதும் அப்பாவை நினைத்துக் கொஞ்சம் அழுதேன்.

மகன், போன வருசம் உங்களோடு நாலு மாதம் இருந்தேன். நீங்கள் ஒரு குறையும் வைக்கவில்லை, கஜந்தி தன் தாயைப்போலப் பார்த்தா. ஆனால் கடைக்குப் போகவும் கோயிலுக்குப் போகவும் யாருக்கு நேரம் வரும் என்று ஜன்னலடியில் காத்திருந்தேன். இங்கே வென்ட்வேர்த்வில்லுக்கு நானே ரயில் ஏறிப் போய் மீன் வாங்கி வருகிறேன், சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில் முப்பது பிள்ளைகள் என்னைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். உன் வீட்டில் நான் ஓர் ஆள். இங்கே நான் ஒரு வீடு. என்னால் முடியாமல் போகும் ஒரு காலம் வரும், அப்போது நானே உனக்குச் சொல்லுவேன், வெட்கப்படமாட்டேன். அது இன்னும் வரவில்லை. பத்திரங்களைக் கையெழுத்தில்லாமல் இதோடு அனுப்புகிறேன், கோபிக்காதே. யூலையில் ஆறு வாரம் அங்கே வருகிறேன், திரும்பி வரும் டிக்கெட்டோடு. உன் வீட்டிலிருந்து மூன்று மணித்தியாலத்தில் பனியாறு இருக்கிறதாம், போன வருசம் ஒருத்தர் கூட்டிப்போகவில்லை, இந்த முறை பேத்தியையும் கூட்டிக்கொண்டு போவோம்.

உனக்கும் கஜந்திக்கும் என் ஆசீர்வாதம், ஒரு குறையும் இல்லாமல் நல்லாயிருங்கள். பேத்திக்கு இரண்டு கன்னத்திலும் என் முத்தம், அவளுக்குக் காதை மூடித் தொப்பி போட்டுவிடு. மறக்காமல் சிறி அண்ணைக்கு ஒரு போன் எடுத்து மன்னிப்புக் கேள், வாசித்து முடித்த கையோடு எடு. வருகிற தைக்கு டாஸ்மேனியா போகிறோம், பதிவுப் படிவத்தை நேற்றே நிரப்பிவிட்டேன். குடும்பத் தலைவர் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது, அதை நிரப்பத்தான் கொஞ்ச நேரம் எடுத்தது. மற்றதெல்லாம் கடகடவென்று முடிந்துவிட்டது.

இப்படிக்கு,
உன் அம்மா,
கனகேஸ்வரி தருமராசா,
குடும்பத் தலைவர்.